பிளேஆஃப் ஆட்டத்துக்கு முன் ஓர் அணியின் தடுப்பாட்டத்தை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் 2006ஆம் ஆண்டு சீசனில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி, ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 173 யார்டு ஓட்டத்தை எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்து லீகிலேயே கடைசி இடத்தில் நின்றது. அந்த டிசம்பரில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி அவர்களுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 375 யார்டு ஓடியது. சீசனுக்குப் பின் நடக்கும் நாக்அவுட் கட்டமான பிளேஆஃபின் முதல் சுற்றில் கோல்ட்ஸைச் சந்திக்க வந்ததோ கான்சஸ் சிட்டி சீஃப்ஸ். அந்த அணியின் லாரி ஜான்சன் அந்த ஒரே சீசனில் 416 முறை பந்தை ஏந்தி ஓடிச் சாதனை படைத்திருந்தார். அட்டவணையை மட்டும் பார்த்தவர்கள், ஜான்சன் அன்று நினைத்தபடியெல்லாம் ஓடுவார் என்றுதான் முடிவு கட்டியிருப்பார்கள். 2007 ஜனவரி 6 அன்று ஜான்சன் ஓடியது 32 யார்டு. சீஃப்ஸ் அணி மொத்தமாகவே ஓடியது 44 யார்டு. முதல் பாதியில் அவர்களால் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (டவுன் எனப்படும் நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேறுவது) எடுக்க முடியவில்லை. 23-8 என்று வென்ற கோல்ட்ஸ், அடுத்த மாதம் சிகாகோ பேர்ஸை 29-17 என்று வீழ்த்தி, இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பையையும் தூக்கியது.

அட்டவணை பொய் சொல்லவில்லை. அது வேறொரு பதினொரு பேரைப் பற்றிச் சொன்னது. கடைசிக் காவலராகப் பின்னால் நிற்கும் சேஃப்டியாக ஆடிய கோல்ட்ஸின் பாப் சாண்டர்ஸ் காயம் காரணமாக அந்த சீசனின் 16 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே ஆடியிருந்தார். பிளேஆஃபுக்கு அவர் திரும்பி வந்தார். ஓட்டத்தைத் தடுக்கப் பந்து வைக்கப்பட்ட கோட்டருகே பாய்ந்து வரும் அவர் இல்லாத அணியின் சராசரியை, அவர் இருக்கும் அணியின் பலமாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. தடுப்பாட்டத்தை மதிப்பிட உட்காரும் ஒவ்வொரு முறையும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும்: சீசன் முழுக்க இந்த அணி எப்படித் தடுத்தது என்பது ஒரு கேள்வி, வரும் ஞாயிறன்று களமிறங்கப்போகும் ஆட்டக்காரர்கள், வரப்போகும் இந்த எதிரணியை எப்படித் தடுப்பார்கள் என்பது முற்றிலும் வேறு கேள்வி. 14 அணிகள் தகுதிபெறும், தோற்றால் வீடு திரும்ப வேண்டிய பிளேஆஃபில் நமக்குத் தேவை இரண்டாவது கேள்விக்கான விடை. முதலாவது அதற்கான படிக்கட்டு மட்டுமே.

எண்களில் தொடங்குதல்

எண்களை ஒதுக்கிவிட்டுக் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புவதும் சரியல்ல. எந்த எண்ணை நம்புவது என்று தெரிந்திருந்தால் போதும்.

எதிரணி எடுத்த புள்ளிகள் என்ற கணக்கு, பலரும் முதலில் பார்ப்பது. அதில் கலப்படம் அதிகம். தன் அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை வீசுபவர்) வீசிய பந்தை எதிரணி பறித்துக்கொண்டு கோல் கோட்டைக் கடந்து எடுத்த டச்டவுனும், உதைத்தனுப்பிய பந்தான பன்ட்டைத் திருப்பி ஓடி எடுத்த டச்டவுனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். தடுப்பாட்டக்காரர்கள் அப்போது களத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள். எதிரணி தன் 20 யார்டு கோட்டிலிருந்து தொடங்கியதா, அல்லது நம் தாக்குதல் அணி தவறவிட்ட பந்தை எடுத்து நம் 25 யார்டு கோட்டிலிருந்து தொடங்கியதா என்பதையும் அது காட்டாது. விட்டுக்கொடுத்த மொத்த யார்டும் இதே குறையுடையது. மெதுவாக ஆடும் தாக்குதல் அணியைக் கொண்டவர்கள் குறைவான பிளேக்களையே, அதாவது தனித்தனி ஆட்ட முயற்சிகளையே, சந்திப்பார்கள். பெரிய முன்னிலையுடன் ஆடுபவர்கள் கடைசிக் கால்பகுதியில் வேண்டுமென்றே குட்டைப் பாஸ்களை அனுமதிப்பார்கள்.

ஆகவே பிளே ஒன்றுக்கு எத்தனை யார்டு விட்டார்கள் என்பதையும், எதிரணியின் பிளேக்களில் எத்தனை சதவீதம் வெற்றிபெற்றன என்பதையும் பாருங்கள். இந்த வெற்றி விகிதத்தின் கணக்கு எளிது. முதல் டவுனில் தேவையான தூரத்தில் 40 சதவீதமும், இரண்டாவது டவுனில் 60 சதவீதமும், மூன்றாவது, நான்காவது டவுன்களில் முழுத் தூரமும் கிடைத்தால் அந்த பிளே தாக்குதல் அணிக்கு வெற்றி என்று பொதுவாகக் கொள்வார்கள். முதல் டவுனில் 10 யார்டு தேவைப்படும்போது 3 யார்டோடு மடக்கிவிட்டால், அது தடுப்பணி வென்ற பிளே. இதனுடன் இபிஏ எனப்படும் எதிர்பார்ப்புப் புள்ளிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பிளேக்கு முன்பும் பின்பும் அந்த டவுன், தூரம், களத்தில் பந்து இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்து ஓர் அணி சராசரியாக எத்தனை புள்ளி எடுக்கும் என்று கணக்கிட்டு, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை அந்த பிளேயின் மதிப்பாக அது தருகிறது.

மூன்றாவது டவுன் தடுப்பு விகிதமும், கோல் கோட்டுக்கு முந்தைய 20 யார்டான ரெட் சோனில் டச்டவுன் விடாத விகிதமும் தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டப்படுபவை. இரண்டும் குறைந்த எண்ணிக்கையிலான பிளேக்களிலிருந்து வருபவை என்பதால் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்கும். மூன்றாவது டவுனில் சிறப்பாகத் தெரியும் அணி, பெரும்பாலும் முதல் இரண்டு டவுன்களில் நன்றாகத் தடுத்து எதிரணியை 8, 9 யார்டு தேவைப்படும் நிலைக்குத் தள்ளிய அணியாக இருக்கும். முதல் இரண்டு டவுன்களில் தொடர்ந்து அடிவாங்கியும் மூன்றாவது டவுனில் மட்டும் தப்பித்துக்கொண்டிருக்கும் அணியைக் கண்டால் எச்சரிக்கையாகுங்கள். அந்தத் தப்பித்தல் ஜனவரி வரை நீடிக்கும் என்று எண்ண வேண்டியதில்லை.

பறித்த பந்துகளின் எண்ணிக்கையிலும் இதே கவனம் வேண்டும். கீழே விழுந்த பந்து யார் கையில் சிக்கும் என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. ஆனால் 2013ஆம் ஆண்டின் சியாட்டில் சீஹாக்ஸ் 39 முறை பந்தைப் பறித்தபோது, அதே சீசனில் மிகக் குறைந்த யார்டு விட்ட அணியும் மிகக் குறைந்த புள்ளி விட்ட அணியும் அவர்கள்தான். பறிப்பு அந்த அடித்தளத்தின் மேல் வந்தது. அந்த சீசனில் 606 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்திருந்த டென்வர் பிராங்கோஸை சூப்பர் பவுலில் 43-8 என்று அவர்கள் நசுக்கியதில் வியப்பில்லை. அடித்தளம் இல்லாமல் பறிப்பு மட்டும் அதிகமாக இருந்தால், அதைக் கழித்துவிட்டு அந்த அணியைப் பார்க்கப் பழகுங்கள்.

எண்களைத் திரட்டி முடித்ததும் சீசனை இரண்டாகப் பிரியுங்கள். கடைசி ஆறு அல்லது ஏழு ஆட்டங்களைத் தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்று எதிரணியில் ஆடிய குவார்ட்டர்பேக்கின் பெயரைக் குறியுங்கள். இந்தச் சிறிய வேலையைச் செய்யும்போது பல புகழ்பெற்ற தடுப்பணிகளின் பளபளப்பு குறைந்துவிடும். மாற்று குவார்ட்டர்பேக்குகளையும் முதலாண்டு இளைஞர்களையும் வரிசையாக மடக்கியவர்கள், பிளேஆஃபில் முதல் தரமான ஒருவரைச் சந்திக்கும்போது எப்படி இருப்பார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் ஆதாரமே இருக்காது.

நான்கு பேரால் நெருக்க முடிகிறதா?

எனக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க மட்டும் அனுமதி என்றால், கேட்பது இதுதான். வழக்கமான நான்கு பேரை மட்டும் அனுப்பி எதிரணிக் குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்த முடிகிற அணிக்கு, பின்னால் ஏழு பேர் காவலுக்குக் கிடைக்கிறார்கள். முடியாத அணி ஐந்தாவது, ஆறாவது ஆளை பிளிட்ஸ் அனுப்பியாக வேண்டும். தேர்ந்த குவார்ட்டர்பேக் அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்துக்கே பந்தை வீசுவார்.

2007ஆம் ஆண்டின் நியூயார்க் ஜயன்ட்ஸ் இதற்குச் சிறந்த பாடம். அந்த சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களில் மட்டும் 80 புள்ளிகளை விட்ட அணி அது. புள்ளிகள் விட்ட தரவரிசையில் நடுவில்தான் முடித்தது. ஆனால் பந்தை வீசும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் சாக்கில் மட்டும், 53 சாக்குகளுடன், லீகின் முதலிடம். மைக்கேல் ஸ்ட்ராஹன், ஓசி உமென்யோரா ஆகியோர் ஓரங்களில் நிற்க, பாஸ் வரும் சூழல்களில் ஜஸ்டின் டக்கை நடுவில் நிறுத்தித் தாக்கினார்கள். சீசனில் 589 புள்ளிகள் குவித்து, தோல்வியே அறியாமல் வந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் டாம் பிரேடியை அந்த சூப்பர் பவுலில் ஐந்து முறை வீழ்த்தி, 17-14 என்று வென்றார்கள். ஓரத்திலிருந்து வரும் நெருக்கடியைக் குவார்ட்டர்பேக் ஓரடி முன்னேறித் தவிர்க்கலாம்; நடுவிலிருந்து முகத்துக்கு நேரே வருவதைத் தவிர்க்க இடமில்லை. எனவே நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாக் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் பிலடெல்பியா ஈகிள்ஸ் 70 சாக்குகள் எடுத்தது, மிரட்டும் எண்தான். அந்த சீசனின் சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸை அவர்களால் ஒரு முறைகூட வீழ்த்த முடியவில்லை. 38-35 என்று தோற்றார்கள். சீஃப்ஸின் முன்வரிசை வலுவானது. பந்தும் மஹோம்ஸின் கையிலிருந்து சீக்கிரம் வெளியேறியது. சாக் என்பது தடுப்பவரின் திறமையோடு, எதிரே உள்ள குவார்ட்டர்பேக் எத்தனை நேரம் பந்தை வைத்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது. நெருக்கடி விகிதத்தை எதிரணிக் குவார்ட்டர்பேக் சராசரியாகப் பந்தை வெளியேற்றும் நேரத்தோடும், அவருடைய முன்வரிசையில் அன்று யார் ஆடுகிறார்கள் என்பதோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

காணொளியில் பார்க்க வேண்டியவை

தொலைக்காட்சி ஒளிபரப்பு பந்தைத் துரத்துகிறது. தடுப்பாட்டத்தை மதிப்பிட விரும்புபவருக்குத் தேவை, 22 பேரும் ஒரே காட்சியில் தெரியும் உயரக் கோணக் காணொளி. கடைசி மூன்று ஆட்டங்களையும், இப்போது வரப்போகும் எதிரணியைப் போல ஆடும் வேறோர் அணியுடன் நடந்த ஓர் ஆட்டத்தையும் பார்த்தால் போதும். ஒவ்வொரு பிளேயையும் குறைந்தது இரண்டு முறை பாருங்கள். பந்து பின்னால் கொடுக்கப்பட்டு பிளே தொடங்கும் ஸ்நாப்புக்கு முன் நின்ற இடத்துக்காக ஒரு முறை, ஸ்நாப்புக்குப் பின் நகர்ந்த இடத்துக்காக ஒரு முறை.

முதலில் சேஃப்டிகள். ஸ்நாப்புக்கு முன் இருவரும் ஆழத்தில் நின்று, ஸ்நாப்புக்குப் பின் ஒருவர் மட்டும் நடுவில் தங்கி மற்றவர் கீழே இறங்கினால், அந்த அணி தன் காவல் முறையை மறைக்கிறது என்று பொருள். அப்படி மறைக்கத் தெரிந்த அணியைப் படிக்கக் குவார்ட்டர்பேக்குக்குக் கூடுதலாக அரை விநாடி தேவைப்படும்; அந்த அரை விநாடி முன்வரிசைக்கு உதவும். அடுத்து, முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள். ஓடுவதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பாஸ் வீசும் பிளே ஆக்ஷனில் அவர்களுடைய முதல் இரண்டு எட்டுகள் முன்னோக்கியா பின்னோக்கியா என்று பாருங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் முன்னோக்கியே பாய்ந்தால், அவர்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள இடத்தை எதிரணியின் பயிற்சியாளர் ஏற்கெனவே வட்டமிட்டு வைத்திருப்பார். பிறகு, பந்தைப் பிடித்தவரை முதலில் தொட்டவர் கீழே சாய்த்தாரா என்பது. தவறிய பிடிகள் 4 யார்டு பிளேயை 24 யார்டு ஆக்குகின்றன. குளிரும் களைப்பும் சேர்ந்த ஜனவரியில் இது கூடுமே தவிரக் குறையாது.

ஸ்நாப்புக்கு முன் ஒரு ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) குறுக்கே நகரும்போது தடுப்பணி என்ன செய்கிறது என்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன ஈகிள்ஸ்-சீஃப்ஸ் ஆட்டத்தைத் தீர்மானித்தவற்றில் இதுவும் ஒன்று. நான்காவது கால்பகுதியில், கோல் கோட்டுக்கு 5 யார்டு முன்னால், கடாரியஸ் டோனி வலப்பக்க ஓரத்திலிருந்து உள்நோக்கி நகரத் தொடங்கினார். அவர் மறுபக்கம் வரை செல்வார் என்று எண்ணிய ஈகிள்ஸின் காவலர்கள், ஒருவர் ஆளை மற்றவருக்கு மாற்றிக்கொடுக்கும் வேலையில் இறங்கினார்கள். டோனி சட்டென்று நின்று, வந்த வழியே திரும்பி வெளிநோக்கி ஓடினார். அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை. சிறிது நேரத்தில் இடப்பக்கத்தில் ஸ்கை மூர் அதையே செய்தார். அதே விளைவு, இன்னொரு டச்டவுன். இது அன்று திடீரென்று உதித்த யோசனையன்று. அக்டோபரில் ஜாக்சன்வில் அணி இதே ஈகிள்ஸுக்கு எதிராக இதே பாணியில் கோல் கோட்டருகே டச்டவுன் எடுத்திருந்தது. அந்தக் காணொளியை சீஃப்ஸ் பயிற்சியாளர்கள் பார்த்து வைத்திருந்தார்கள். ஈகிள்ஸ் அந்த அக்டோபர் ஆட்டத்தை வென்றிருந்ததால், அதற்குள் இருந்த ஓட்டை வெளியே பெரிதாகப் பேசப்படவில்லை. வென்ற ஆட்டங்களில் விட்ட டச்டவுன்களை ஒன்றுவிடாமல் பாருங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

யார் ஆடுகிறார்கள்?

காய அறிக்கையைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஞாயிறு ஆட்டமென்றால் புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களின் பயிற்சி விவரம் வரும்: முழுப் பயிற்சி, பகுதிப் பயிற்சி, பயிற்சியில் இல்லை. ஒரு நாள் ஓய்வு என்பது மூத்த ஆட்டக்காரர்களுக்கு இயல்பு. புதனன்று பகுதியாகப் பயிற்சிசெய்து வெள்ளியன்று முற்றிலும் விலகியவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது, அன்று ஆடாதவர்களின் பட்டியல் வெளியாகும். அதுவரை எழுதிய எல்லாவற்றையும் அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

பெயர்பெற்ற நட்சத்திரம் இல்லாவிட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். ரிசீவர்களைக் காவல்காக்கும் கார்னர்பேக்குகளில் மூன்றாமவர் இல்லாததை யாரும் கவனிப்பதில்லை. இன்றைய என்எஃப்எல்லில் ஐந்து பின்காவலர்கள் நிற்கும் நிக்கல் அமைப்பே பெரும்பான்மையான பிளேக்களில் ஆடப்படுவதால், அந்த மூன்றாவது கார்னர்பேக் உண்மையில் தொடக்க ஆட்டக்காரர்தான். அவர் இடத்தில் புதியவர் நின்றால், நல்ல குவார்ட்டர்பேக் முதல் தொடரிலேயே அவரைத் தேடி வீசுவார். காயத்திலிருந்து திரும்புபவர்களையும் இதே கண்ணோடு பாருங்கள்: சாண்டர்ஸைப் போல ஒருவரே முழு அமைப்பையும் மாற்றிவிடலாம்.

இந்த எதிரணிக்கு எதிராக

எதிரணி எப்படி யார்டு எடுக்கிறது என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு, நாம் மதிப்பிடும் தடுப்பணி சீசனில் எந்த வகைத் தாக்குதலிடம் அடிவாங்கியது என்பதை இன்னொரு வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தினால், மொத்தத் தரவரிசை எவ்வளவு உயர்வாக இருந்தாலும் அந்த அணிக்கு ஆபத்துதான்.

இரு அணிகளும் சீசனில் ஏற்கெனவே மோதியிருந்தால் அந்த ஆட்டத்தைப் பாருங்கள். ஆனால் அதன் முடிவை அப்படியே ஏற்காதீர்கள். 2020 நவம்பரில் டாம்பா பே பக்கனீயர்ஸுக்கு எதிராக சீஃப்ஸின் டைரீக் ஹில் முதல் கால்பகுதியில் மட்டும் 203 யார்டு பிடித்தார். சீஃப்ஸ் 27-24 என்று வென்றது. 2021 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் அவர்கள் மீண்டும் மோதியபோது, டாம்பாவின் தடுப்பாட்டப் பொறுப்பாளர் டாட் பௌல்ஸ், சீசன் முழுக்க அடிக்கடி பிளிட்ஸ் அனுப்பிய தன் வழக்கத்தைக் கைவிட்டு, இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்திவிட்டு நான்கு பேரால் மட்டும் நெருக்கினார். முன்வரிசையின் இரு ஓரங்களில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் சீஃப்ஸின் இரண்டு தொடக்க டாக்கிள்களும் காயத்தால் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். டாம்பா 31-9 என்று வென்றது. ஹில்லுக்குக் கிடைத்தது 73 யார்டு.

இதனால், தடுப்பாட்டப் பொறுப்பாளரின் குணத்தை அறிவதும் மதிப்பீட்டின் பகுதி. சிலர் தங்கள் முறையை எவருக்காகவும் மாற்ற மாட்டார்கள். 2013 சீஹாக்ஸ் அப்படித்தான் ஆடினார்கள், மாற்றவேண்டிய தேவையும் அவர்களுக்கு வரவில்லை. வேறு சிலர் எதிரணிக்கேற்ப எல்லாவற்றையும் மாற்றுவார்கள். 2018 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 32.9 புள்ளி எடுத்த லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸை அந்த டிசம்பரில் சிகாகோ பேர்ஸ் ஆறு புள்ளிகளில் மடக்கியது. சீசனில் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல் ஆடிய பேட்ரியட்ஸ், அதிலிருந்து கற்று, கோட்டருகே ஆறு பேரை நிறுத்தி, பின்னால் மண்டலக் காவலுக்கு மாறி, சூப்பர் பவுலில் அதே ராம்ஸை மூன்று புள்ளிகளோடு நிறுத்தியது. இப்படிப்பட்ட பொறுப்பாளர் இருந்தால், தயாரிக்க இரண்டு வாரம் கிடைக்கும் ஆட்டங்களில் அந்த அணிக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம்.

மைதானமும் வானிலையும் பெரும்பாலும் மிகைப்படுத்தப்படுகின்றன. குளிரைவிடக் காற்றே நீண்ட பாஸ்களைக் கெடுக்கும். சொந்த மைதானத்தின் கூச்சலால் எதிரணி தன் ஸ்நாப் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போவது, ஓரங்களிலிருந்து பாய்பவர்களுக்கு உண்மையான உதவி. இந்த இரண்டைத் தாண்டி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

எழுதி வைத்தல்

சனிக்கிழமை இரவுக்குள் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி முடியுங்கள். அதில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: எதிரணி முதலில் எந்த ஆளை அல்லது எந்த இடத்தைக் குறிவைக்கும், நான்கு பேரின் நெருக்கடி எந்த இடைவெளி வழியாக வரும், எது நடந்தால் உங்கள் மதிப்பீடு தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள். மூன்றாவதை ஆட்டத்துக்கு முன்பே எழுதாவிட்டால், நடந்ததற்கேற்பப் பின்னால் காரணம் கற்பித்துக்கொள்வோம்.

பெரும்பாலான தாக்குதல் அணிகள் முதல் பதினைந்து பிளேக்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்திருக்கும். தடுப்பணியின் பலவீனத்தைச் சோதிக்கத்தான் அந்த வரிசை. ஆகவே முதல் இரண்டு தொடர்களில் உங்கள் பக்கத்தை அருகில் வைத்துக்கொண்டு, நகரும் ரிசீவரை யார் பின்தொடர்கிறார், சேஃப்டிகள் எத்தனை யார்டு ஆழத்தில் நிற்கிறார்கள், மூன்றாவது கார்னர்பேக்கை நோக்கி எத்தனை முறை பந்து போகிறது என்று குறியுங்கள். எதிரணி நீங்கள் எழுதாத ஓர் இடத்தைத் தொடர்ந்து தாக்கினால், அவர்கள் காணொளியில் நீங்கள் காணாத ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். எந்த ஆட்டத்தில் அது தெரிந்திருக்கும் என்பதை மறுநாள் திரும்பப் போய்த் தேடுங்கள்.